விளக்கைப் பார்த்து வேகம் சொல்லலாமா?

சித்திரைத் தேர் நிலைக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஸ்ரீரங்கத்து வீதிகளில் கூட்டம் கலைந்துவிட்டது. பொரிகடலைக்காரரும் பலூன்காரரும் கடையைக் கட்டிவிட்டார்கள். இரவு பத்து, பத்தரை மணி இருக்கும். மொட்டை மாடியில் ஒரு பாயை விரித்து மல்லாந்து படுங்கள். வானத்தைப் பாருங்கள்.

உச்சியிலிருந்து சற்று மேற்கே ஒரு நட்சத்திரம் தெரியும். அது உத்திரம். தென்கிழக்கே அதைவிடப் பிரகாசமாக வெண்ணீல நிறத்தில் ஒன்று மின்னும். அது சித்திரை. உத்திர வீதியும் சித்திரை வீதியும் ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்குத் தினசரி நடக்கும் வீதிகள். அதே பெயர்களில் வானத்திலும் இரண்டு விளக்குகள்!

இப்போது கையை நன்றாக நீட்டி முஷ்டியை மடக்குங்கள். உத்திரத்திலிருந்து கிழக்கே அந்த முஷ்டியின் அகலம் தள்ளிப் பாருங்கள். அந்த இடம் ஏறக்குறைய உங்கள் தலைக்கு நேர் மேலே இருக்கும்.

அங்கே என்ன தெரிகிறது? வெறுங்கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. சிறிய டெலஸ்கோப் ஒன்று இருந்தால், பஞ்சைப் பிய்த்து வைத்ததுபோல் மங்கலாக ஒரு பொட்டு தெரியும். விஞ்ஞானிகள் அதற்கு 'எம் 87' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பொட்டின் நடுவில் ஒரு ராட்சதப் பம்பரம் சுழன்றுகொண்டிருக்கிறது. பம்பரத்தைக் கண்ணால் காண முடியாது. ஆனாலும் அது சுழல்கிறது என்று சொல்கிறார்கள். எப்படிச் சொல்கிறார்கள்? எவ்வளவு வேகம் என்றும் சொல்ல முடியுமா? அந்தக் கதையில் நம் திருச்சிச் சீமைக்கும் பங்கு உண்டு.

பஞ்சுப் பொட்டில் ஒரு கோடு

ஒளி ஒரு விநாடியில் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும். ஒரு வருஷத்தில் அது ஓடும் தூரம் சுமார் 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர். இதற்கு ஒளியாண்டு என்று பெயர். எம் 87 நம்மிடமிருந்து சுமார் 5.5 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அதாவது, இன்றிரவு அங்கிருந்து உங்கள் மொட்டை மாடிக்கு வந்து சேரும் ஒளி, மனிதன் பூமியில் தோன்றுவதற்கு எவ்வளவோ காலம் முன்பே புறப்பட்டுவிட்டது.

அந்தப் பொட்டு ஒரு தனி நட்சத்திரம் அல்ல. நம் ஆகாய கங்கையைப் போல அதுவும் ஒரு நட்சத்திரக் கூட்டம். அளவில் மிகப் பெரியது.

1918-ல் அமெரிக்காவில் கலிபோர்னியாவில் உள்ள லிக் வானாராய்ச்சி நிலையத்தில் ஹீபர் கர்ட்டிஸ் என்பவர் இதைப் படம் பிடித்தார். படத்தில் ஒரு விசித்திரம் இருந்தது. பொட்டின் நடுவிலிருந்து நேராக ஒரு கோடு கிளம்பி வெளியே ஓடியது. பேனாவால் கிழித்த கோடு போல இருந்தது. அது என்ன என்று அவருக்கு விளங்கவில்லை. பார்த்ததை அப்படியே எழுதி வைத்தார்.

அந்தக் கோடு இன்று நமக்குத் தெரிந்த விஷயம். பீச்சாங்குழலிலிருந்து தண்ணீர் பீறிடுவதுபோல, அங்கே சூடான வாயு பீறிட்டு ஓடுகிறது. ஏறக்குறைய ஒளியின் வேகத்தை எட்டிப் பிடிக்கும் வேகம். கண்ணுக்குத் தெரியும் பகுதியின் நீளம் மட்டும் சுமார் 5,000 ஒளியாண்டு. இதைத் தாரை என்று சொல்வோம். இப்படிப்பட்ட தாரைகள் ரேடியோ அலைகளையும் ஏராளமாக வீசுகின்றன. அந்த அலைகளைப் பிடிக்கும் ரேடியோ டெலஸ்கோப் ஒன்று நம் ஊட்டி மலைச் சரிவிலும் இருக்கிறது. 1970 முதல் வேலை செய்யும் அதன் நீளம் 530 மீட்டர்.

தாரை எங்கிருந்து கிளம்புகிறது? நடுவில் இருக்கும் கருந்துளையின் வாசலிலிருந்து.

திருவானைக்காவல் குடும்பம்

கருந்துளை என்பது என்ன? ஒரு கல்லை மேலே எறிந்தால் கீழே விழுகிறது. விநாடிக்கு 11 கிலோமீட்டருக்குச் சற்று மேலான வேகத்தில் எறிய முடிந்தால் அது பூமியை விட்டே போய்விடும். பூமியைவிடக் கனமாகவும் இறுக்கமாகவும் ஓர் உருண்டை இருந்தால் இன்னும் அதிக வேகம் வேண்டும். இறுக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் ஒளியின் வேகம்கூடப் போதாது. அங்கிருந்து ஒளியே வெளியே வர முடியாது. அதுதான் கருந்துளை.

நட்சத்திரம் இப்படி நசுங்குமா என்ற கேள்விக்கு வழி திறந்தவர் ஒரு தமிழர். அவர் பெயர் சுப்ரமணியன் சந்திரசேகர்.

ஸ்ரீரங்கத்துக்கும் திருச்சிக்கும் நடுவே திருவானைக்காவல் இருக்கிறது. நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. ராமன் 1888 நவம்பர் 7-ம் தேதி பிறந்தது அந்த ஊரில்தான். ராமனின் அண்ணா சுப்ரமணிய ஐயரின் பிள்ளை சந்திரசேகர். அவர் பிறந்தது லாகூரில். படித்தது சென்னை மாநிலக் கல்லூரியில்.

1930-ல் மேல்படிப்புக்காக அவர் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். வயது 19. கப்பலில் சும்மா உட்கார்ந்திருக்க மனமில்லை. கணக்குப் போட்டார். எரிந்து அணைந்த நட்சத்திரத்தின் கனம் சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் இருந்தால், அது சாதாரண முறையில் அடங்கி நிற்காது என்று விடை வந்தது. அப்படியானால் அது மேலும் மேலும் நசுங்கும் அல்லவா?

1935 ஜனவரியில் லண்டன் கூட்டத்தில் எடிங்டன் என்ற பெரிய விஞ்ஞானி எல்லார் முன்னிலையிலும் இதை மறுத்துப் பேசினார். வாலிபரின் மனம் நொந்தது. ஆனால் கணக்கு தவறவில்லை. 1983-ல் சந்திரசேகருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே 1983-ல் கருந்துளைகளின் கணிதத்தைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூலும் வெளிவந்தது. கருந்துளையைப் படிக்கிறவர்கள் இன்றும் அந்த நூலைப் புரட்டுகிறார்கள்.

எம் 87-ன் நடுவில் இருக்கும் கருந்துளை ஒரு நட்சத்திரம் நசுங்கிய அளவல்ல. அதன் கனம் சுமார் 650 கோடி சூரியன். சூரியனைச் சுற்றி நெப்டியூன் வரை எல்லாக் கிரகங்களும் ஓடும் பாதை முழுவதையும் அதற்குள் வைத்துவிடலாம்!

தட்டாமாலை

இவ்வளவு பெரிய கருந்துளை ஏன் சுழல வேண்டும்?

குழந்தைகள் கையை விரித்துக்கொண்டு தட்டாமாலை சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். சுற்றும்போது கைகளை மார்போடு சேர்த்துக்கொண்டால் சுற்றும் வேகம் தானே கூடிவிடும். பரந்து கிடப்பது சுருங்கினால் வேகம் கூடும். இது இயற்கையின் சட்டம்.

கருந்துளைக்குள் விழும் வாயு நேராக விழுவதில்லை. முக்கொம்பில் வெள்ளம் வரும்போது சுழி விழுமே, அதில் ஓர் இலை சுற்றிச் சுற்றி உள்ளே போகுமே, அப்படித்தான் விழுகிறது. விழும்போது தன் சுழற்சியையும் கொண்டுபோய்க் கருந்துளையிடம் கொடுத்துவிடுகிறது.

சுழலும் கருந்துளைக்கு உரிய கணக்கை 1963-ல் நியூசிலாந்து நாட்டுக்காரரான ராய் கெர் கண்டுபிடித்தார். சந்திரசேகர் 1975-ல் சிகாகோவில் ஆற்றிய ஓர் உரையில், தம் விஞ்ஞான வாழ்விலேயே தம்மை மிகவும் உலுக்கிய அனுபவம் இந்தக் கணக்கைக் கண்டதுதான் என்று மனம் திறந்து சொன்னார். வானத்தில் கணக்கற்றுக் கிடக்கும் கருந்துளைகள் அத்தனைக்கும் இந்த ஒரே கணக்கு அச்சாகப் பொருந்துகிறதே என்பது அவருடைய வியப்பு.

கெர் கணக்கின்படி ஒரு கருந்துளையை விவரிக்க இரண்டே எண்கள் போதும். ஒன்று கனம். மற்றொன்று சுழற்சி. சுழற்சி எண் 0 என்றால் கருந்துளை சுழலவே இல்லை. 1 என்றால் அதற்கு மேல் சுழல முடியாது என்ற உச்சம். எல்லாக் கருந்துளைகளும் இந்த 0-க்கும் 1-க்கும் நடுவில்தான்.

கனத்தை அளப்பது சற்றுச் சுலபம். சுற்றியுள்ள நட்சத்திரங்களும் வாயுவும் எவ்வளவு வேகமாக ஓடுகின்றன என்று பார்த்துக் கணக்கிடலாம். சுழற்சியை அளப்பதுதான் கஷ்டம். சுழலும் கருந்துளையின் மேல் கோடு போட்டு வைத்தா பார்க்க முடியும்?

தேர்க்கூட்டம்

இங்கேதான் ஓர் அதிசயம். கருந்துளை சுழலும்போது தன்னைச் சுற்றியுள்ள ஆகாய வெளியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு சுழல்கிறது.

தேர் ஓடும் நாளில் சித்திரை வீதியில் நின்று பார்த்தவர்களுக்கு இது புரியும். தேருக்கு அருகில் மாட்டிக்கொண்டால் நின்ற இடத்தில் நிற்க முடியாது. கூட்டம் போகும் திசையில் நீங்களும் போயே தீர வேண்டும். ஆனால் பக்கத்துச் சந்தில் நுழைந்து வெளியே வந்துவிடலாம். கருந்துளையின் வாசலுக்கு வெளியேயும் இப்படி ஒரு வட்டாரம் உண்டு. அங்கே எதுவும் சும்மா நிற்க முடியாது. சுழன்றே ஆக வேண்டும். ஆனால் தப்பி வெளியே வரலாம்.

வெளியே வரும்போது சும்மா வர வேண்டியதில்லை. கருந்துளையின் சுழற்சியிலிருந்து கொஞ்சம் சக்தியையும் எடுத்துக்கொண்டு வரலாம் என்று 1969-ல் ரோஜர் பென்ரோஸ் காட்டினார். உச்ச வேகத்தில் சுழலும் கருந்துளையின் மொத்த சக்தியில் 100-க்கு 29 பங்கு சுழற்சியாகவே இருக்கிறது. அதை வெளியே எடுக்க விதியில் தடை இல்லை.

சரி, எடுப்பது யார்?

சைக்கிள் டைனமோ

பழைய சைக்கிள்களில் டைனமோ இருக்கும். இரவில் சைக்கிள் விட வேண்டுமானால் அதைச் சக்கரத்தோடு சேர்த்துத் தட்டிவிடுவார்கள். சக்கரம் சுழன்றால் டைனமோவின் தலை சுழலும். உள்ளே ஒரு காந்தம் இருக்கிறது. காந்தம் சுழன்றால் மின்சாரம் பிறக்கிறது. முன்னால் விளக்கு எரிகிறது. மெதுவாக மிதித்தால் விளக்கு மங்கும். வேகமாக மிதித்தால் பளிச்சென்று எரியும். சைக்கிளை நிறுத்தினால் விளக்கு அணைந்துவிடும்.

கருந்துளையும் ஒரு டைனமோதான் என்று 1977-ல் ரோஜர் பிளாண்ட்ஃபோர்டு, ரோமன் ஸ்னாயெக் என்ற இருவர் எழுதினார்கள். கருந்துளைக்குச் சொந்தமாகக் காந்தம் கிடையாது. உள்ளே விழும் வாயு காந்த சக்தியைக் கூடவே இழுத்து வருகிறது. அது கருந்துளையின் வாசலில் வந்து குவிகிறது. கருந்துளை சுழலும்போது அந்தக் காந்தக் கோடுகள், ஈரத் துணியைப் பிழியும்போது முறுக்கிக்கொள்வதைப் போல முறுக்கிக்கொள்கின்றன. முறுக்கு ஏற ஏற அழுத்தம் கூடுகிறது. இடுப்புப் பக்கம் வாயு அடைத்துக்கொண்டிருப்பதால் அங்கே வழி இல்லை. மேலும் கீழும்தான் வழி திறந்திருக்கிறது. அந்த இரண்டு பக்கமும் பீறிட்டுப் பாய்கிறது. அதுதான் தாரை.

ஆகவே தாரை வருவது கருந்துளையின் வயிற்றிலிருந்து அல்ல. உள்ளே போனது போனதுதான். வாசலில் சுழலும் சக்கரத்தின் சக்தியே தாரையாக வருகிறது. அப்படியானால் தாரையின் பலத்தைப் பார்த்துச் சுழற்சியின் வேகத்தைச் சொல்லலாம் அல்லவா? விளக்கைப் பார்த்துச் சைக்கிளின் வேகத்தைச் சொல்வதுபோல!

வரவு 100, செலவு 140

இந்த யோசனையைக் கணக்கில் நிறுத்திக் காட்டியவர்களில் ஒருவர் ரமேஷ் நாராயண். அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகத்தில் பட்டம் பெற்றவர்.

அவருடைய தகப்பனாரைத் திருச்சிக்காரர்கள் மறக்கக் கூடாது. அவர்தான் டாக்டர் ஜி. என். ராமச்சந்திரன். தெப்பக்குளத்துக்கு அருகே மாதா கோயில் கோபுரத்தோடு நிற்கும் புனித வளனார் கல்லூரியில் பௌதிகம் படித்து 1942-ல் ஹானர்ஸ் பட்டம் பெற்றவர். பிறகு பெங்களூர் சென்று, திருவானைக்காவலில் பிறந்த அந்த சி. வி. ராமனிடமே ஆராய்ச்சி செய்தார். நம் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்ற பொருள் மூன்று இழை முறுக்கிய கயிறு போன்றது என்று 1950-களில் சென்னையில் இருந்துகொண்டு உலகுக்குச் சொன்னவர் அவர். தகப்பனார் உடம்புக்குள் இருக்கும் முறுக்கைப் பார்த்தார். பிள்ளை வானத்தில் இருக்கும் முறுக்கைப் பார்த்தார்!

2011-ல் ரமேஷ் நாராயணும் அலெக்சாண்டர் செக்கோவ்ஸ்காய், ஜொனாதன் மெக்கின்னி என்ற இருவரும் கம்ப்யூட்டரில் ஒரு கருந்துளையை உண்டாக்கிப் பார்த்தார்கள். அதில் காந்த சக்தி எவ்வளவு அடையுமோ அவ்வளவும் அடைத்துவிட்டார்கள். பிறகு வரவு செலவு பார்த்தார்கள்.

வீட்டுக் கணக்காகவே சொல்லலாம். உள்ளே விழும் வாயு கொண்டு வரும் மொத்த சக்தி 100 ரூபாய் என்று வையுங்கள். சுழற்சி எண் 0.5 ஆக இருந்தபோது சுமார் 30 ரூபாய் வெளியே வந்தது. சுழற்சி எண் 0.99 ஆக இருந்தபோது சுமார் 140 ரூபாய் வெளியே வந்தது!

மாதச் சம்பளம் 100 ரூபாய் வாங்குகிறவர் 140 ரூபாய் செலவு செய்தால் என்ன அர்த்தம்? பெட்டியில் பழைய சேமிப்பு இருக்கிறது, அதை எடுத்துச் செலவு செய்கிறார் என்று அர்த்தம். கருந்துளையின் சேமிப்பு எது? அதன் சுழற்சிதான். தாரைக்குச் சக்தி தருவது சுழற்சியாக இருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டுமா?

காந்தம் எவ்வளவு?

இத்துடன் கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் ஒரு சிக்கல் குறுக்கே நிற்கிறது.

இரவில் தெருமுனையில் ஒரு சைக்கிள் விளக்கு தெரிகிறது. ஆள் தெரியவில்லை. சைக்கிளும் தெரியவில்லை. விளக்கு மட்டும் பிரகாசமாக இருக்கிறது. "வேகமாக வருகிறான்" என்று சொல்லிவிடலாமா? அவனுடைய டைனமோவில் நல்ல காந்தம் இருந்தால் மெதுவாக மிதித்தாலும் விளக்கு பளிச்சென்று எரியும். காந்தம் பழையதாகிச் சோர்ந்திருந்தால் மூச்சு வாங்க மிதித்தாலும் விளக்கு மங்கும்.

கருந்துளைக் கணக்கும் அப்படித்தான். சுழற்சி இரட்டிப்பானால் தாரையின் பலம் ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. காந்தம் இரட்டிப்பானாலும் அதே நான்கு மடங்குதான். ஆகவே 0.4 சுழற்சியும் நல்ல காந்தமும் உள்ள கருந்துளையும், 0.8 சுழற்சியும் அதில் பாதிக் காந்தமும் உள்ள கருந்துளையும் ஏறக்குறைய ஒரே பலமுள்ள தாரையைத் தரும். தூரத்தில் நின்று பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

தாரையின் பலத்தையும் நேரே அளக்க முடிவதில்லை. எம் 87 தாரையின் பலம் குறைந்த பட்சம் சுமார் 26 கோடி சூரியன்கள் வீசும் சக்திக்குச் சமம் என்கிறார்கள். அதிக பட்ச மதிப்பு அதைப்போல் ஆயிரம் மடங்கு! அளவுகோலே இப்படி நீண்டு சுருங்கினால் துணியை எப்படி வெட்டுவது?

2012-ல் ரமேஷ் நாராயணும் ஜெஃப்ரி மெக்ளின்டாக்கும் ஒரு சோதனை செய்தார்கள். நம் ஆகாய கங்கைக்குள்ளேயே உள்ள சில சிறிய கருந்துளைகளை எடுத்துக்கொண்டார்கள். அவற்றின் சுழற்சியை எக்ஸ் கதிர் கொண்டு வேறு வழியில் ஏற்கெனவே மதிப்பிட்டிருந்தார்கள். அந்தச் சுழற்சியையும் தாரைகளின் பலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். சுழற்சி கூடக் கூடத் தாரையும் பலமாக இருக்கிறது, கணக்கு ஒத்துப்போகிறது என்று எழுதினார்கள். ஆனால் கையில் இருந்தவை விரல் விட்டு எண்ணக்கூடிய கருந்துளைகள்தான். வேறு சில விஞ்ஞானிகள், "இன்னும் பலவற்றைச் சேர்த்துப் பார்த்தால் அந்தத் தொடர்பு தெரியவில்லையே" என்று மறுத்தார்கள். வாதம் தொடர்ந்தது.

இது சண்டை அல்ல. விஞ்ஞானம் நடக்கும் முறையே இதுதான். 1935-ல் லண்டனில் ஒரு வாலிபரின் கணக்கைப் பெரியவர் ஒருவர் தம் செல்வாக்கால் மறுத்தார். இங்கேயோ கணக்கைக் கணக்கால் மறுக்கிறார்கள். எவ்வளவு நல்ல மாறுதல்!

படத்தில் தெரிந்த வளையம்

மறுபடியும் உத்திரத்துக்குக் கிழக்கே வருவோம்.

2017 ஏப்ரலில் உலகின் பல பாகங்களில் உள்ள எட்டு ரேடியோ டெலஸ்கோப்புகளை ஒன்றாகச் சேர்த்து எம் 87-ன் நடுவைப் பார்த்தார்கள். சந்திரனில் ஓர் ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டுப் பூமியிலிருந்து பார்த்தால் எவ்வளவு சிறிதாகத் தெரியுமோ, அவ்வளவு சிறிய இடம் அது. 2019 ஏப்ரல் 10-ம் தேதி படம் வெளியாயிற்று. நடுவில் இருட்டு. சுற்றிலும் நெருப்பு வளையம். உலகமே பார்த்து வியந்தது. அந்தக் குழுவில் ரமேஷ் நாராயணும் இருந்தார்.

வளையத்தின் தென்பாகம் மட்டும் அதிகப் பிரகாசமாக இருந்தது. நம்மை நோக்கிச் சுழன்று வரும் பக்கம் பிரகாசமாகவும், விலகிப் போகும் பக்கம் மங்கலாகவும் தெரியும். ஆகவே அங்கே சுழற்சி இருக்கிறது என்று தெரிந்தது. எவ்வளவு?

கம்ப்யூட்டரில் பலவகைக் கருந்துளைகளை உண்டாக்கி ஒவ்வொன்றையும் படத்தோடு ஒப்பிட்டார்கள். வளையத்தை மட்டும் பார்த்தால் பல சுழற்சிகள் பொருந்தின. அப்போது அவர்களுக்குக் கை கொடுத்தது அந்தப் பழைய தாரைதான், 1918-ல் கர்ட்டிஸ் கண்ட கோடு! சுழற்சி எண் 0 என்று வைத்த கருந்துளைகள் எதுவும், இருப்பதில் மிகக் குறைந்த மதிப்புள்ள பலத்தைக்கூடத் தாரைக்குத் தர முடியவில்லை. எனவே அவற்றைத் தள்ளிவிட்டார்கள்.

விளக்கு எரிகிறது, ஆகவே சைக்கிள் நிற்கவில்லை. இது உறுதி.

2021-ல் அதே குழு வளையத்தைச் சுற்றியுள்ள காந்த சக்தியையும் மதிப்பிட்டது. அது 1 முதல் 30 காஸ் வரை இருக்கலாம் என்று கண்டார்கள். காஸ் என்பது காந்தத்தை அளக்கும் அளவு. திருச்சியில் திசைகாட்டும் கருவியின் முள்ளைத் திருப்பும் பூமியின் காந்தம் அரை காஸைக்கூட எட்டாது. கேட்பதற்கு 30 காஸ் பெரிதல்ல. ஆனால் கிரகங்களின் பாதையையெல்லாம் விழுங்கும் பரப்பில் அது விரிந்து கிடக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். டைனமோவின் காந்தத்தைத் தொட்டுப் பார்க்கும் முதல் படி இது. காந்தம் நன்றாக அடைத்துக்கொண்ட கருந்துளைதான் படத்தோடு அதிகம் பொருந்துகிறது என்பதும் தெரிந்தது.

2023-ல் மற்றொரு செய்தி வந்தது. 2000-ம் ஆண்டிலிருந்து 2022 வரை எடுத்த 170 படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தார்கள். தாரை ஒரே திசையில் நிற்கவில்லை. சுமார் 11 ஆண்டுக்கு ஒரு முறை மெள்ளத் தலையாட்டிவிட்டு வருகிறது. பம்பரம் சாய்ந்து சுழலும்போது தலையாட்டுமே, அதைப்போல! கருந்துளை தன்னைச் சுற்றியுள்ள வெளியை இழுத்துக்கொண்டு சுழல்கிறது, அதனால்தான் சாய்ந்து வரும் வாயுவும் தாரையும் ஆடுகின்றன என்பது அவர்கள் கூறும் காரணம். தேர்க்கூட்டம் இழுக்கும் இழுப்பு கண்ணுக்குத் தெரிந்துவிட்டது என்று சொல்லலாம்.

ஆனால் சுழற்சி எண் 0.5 தானா, 0.9 தானா? அந்த ஓர் எண் மட்டும் எல்லாரும் ஒப்புக்கொள்ளும்படி இன்னும் கையில் சிக்கவில்லை.

தெரிந்து என்ன பயன்?

"5.5 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் ஒன்று சுற்றினால் என்ன, சுற்றாவிட்டால் என்ன?" என்று வீட்டில் பாட்டி கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

திருவிழாக் கடையில் குடைராட்டினத்தைச் சுற்றுகிறார்கள். எல்லாரும் ஒரே பக்கம் தள்ளினால் அது வேகம் பிடிக்கும். ஆளுக்கொரு பக்கம் தள்ளினால் வேகம் குறைந்துவிடும். கருந்துளையும் அப்படியே. வாயு ஒரே திசையில் நிதானமாக வந்து விழுந்து அது வளர்ந்திருந்தால் வேகமாகச் சுழலும். பல திசைகளிலிருந்து தாறுமாறாக விழுந்து வளர்ந்திருந்தால் மெதுவாகச் சுழலும். ஆகவே சுழற்சி எண் என்பது கருந்துளையின் ஜாதகம். அதைப் படித்தால் அது எப்படிப் பிறந்து வளர்ந்தது என்று தெரியும்.

இன்னொன்றும் உண்டு. தாரை பாயும் இடத்தில் வாயு சூடாகிறது. வாயு குளிர்ந்து சுருங்கினால்தான் புது நட்சத்திரம் பிறக்கும். சூடு ஏறினால் பிறக்காது. ஒரு நட்சத்திரக் கூட்டத்தில் எத்தனை நட்சத்திரங்கள் பிறக்கலாம் என்பதில் நடுவில் இருக்கும் அந்தச் சிறிய சக்கரத்துக்கும் பங்கு இருக்கிறது. நம் ஆகாய கங்கையின் நடுவிலும் சுமார் 40 லட்சம் சூரியன் கனமுள்ள ஒரு கருந்துளை இருக்கிறது. அதுவும் ஒரு காலத்தில் விளக்கு ஏற்றியிருக்கலாம். பாட்டியின் கேள்விக்குப் பதில் இதுதான்: அது அயலார் வீட்டுக் கதை மட்டுமல்ல, நம் வீட்டுக் கதையும்கூட.

அடுத்த சித்திரையில் தேர் பார்த்துவிட்டு வரும்போது குழந்தைகளை மாடிக்கு அழைத்துப் போங்கள். உத்திரத்தைக் காட்டுங்கள். ஒரு முஷ்டி கிழக்கே தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். "அங்கே ஒன்றும் இல்லையே!" என்பார்கள். அந்த இருட்டுக்குள் ஒரு சக்கரம் சுழல்கிறது என்று சொல்லுங்கள். எவ்வளவு வேகம் என்று கட்டாயம் கேட்பார்கள்.

"சுழல்கிறது என்பது தெரியும். வேகம் எவ்வளவு என்பதைக் காந்தத்தைச் சரியாக அளந்த பிறகு சொல்வார்கள்" என்று பதில் சொல்லுங்கள். "அளப்பது யார்?" என்று அவர்கள் கேட்டால், திருவானைக்காவலையும் வளனார் கல்லூரியையும் நினைத்துக்கொண்டு, "ஏன், நீயே அளக்கலாமே!" என்று சொல்லுங்கள்.